இந்த வாரம்: வெள்ளை

நல்ல கேமரா வாங்கி மூன்று, நான்கு வருஷம் ஆன பலரிடம் ஒரே குறையைக் கேட்கலாம். முதல் ஆறு மாதம் படங்கள் மளமளவென்று முன்னேறின, அதற்குப் பிறகு அப்படியே நின்றுவிட்டன என்பார்கள். லென்ஸை மாற்றினால் சரியாகும் என்று புது லென்ஸ் வாங்குகிறார்கள். அடுத்த கொடைக்கானல் பயணத்துக்குக் காத்திருக்கிறார்கள். இரண்டாலும் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை.

திறமைக் குறைவு இதற்குக் காரணமில்லை. பொழுதுபோக்காகப் படம் எடுப்பவருக்குக் கேமராவைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் எல்லாமே மாறிவிடுகிறது. போன மாதம் மலை, இந்த மாதம் சித்தப்பா வீட்டுக் கல்யாணம், அடுத்த மாதம் கடற்கரை. இடம், வெளிச்சம், தூரம், ஆட்கள் என்று ஒன்றுகூடப் பழையபடி இருப்பதில்லை. ஒரு படம் நன்றாக அமைந்தால் எதனால் அமைந்தது என்று தெரியாது. கெட்டுப்போனாலும் காரணம் தெரியாது. ஒன்றை நிலையாக வைத்துக்கொண்டு மற்றதை மாற்றிப் பார்த்தால்தான் எது எதனால் நடக்கிறது என்று புரியும். வாரம் ஒரு தலைப்பு என்ற பயிற்சி அதற்குத்தான் வழி செய்கிறது.

நடைமுறை எளிது. ஞாயிறு இரவு ஒரு தலைப்பை முடிவு செய்துகொள்ள வேண்டும். அடுத்த ஞாயிறு வரை எத்தனை படம் வேண்டுமானாலும் எடுக்கலாம். கடைசியில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்து வைக்க வேண்டும். பழைய படங்களிலிருந்து பொருத்தமானதைத் தோண்டி எடுத்துப் போடக் கூடாது. தனியாகவும் செய்யலாம். நான்கைந்து பேர் ஒரு வாட்ஸாப் குழுவில் சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் ஒரே தலைப்பை இன்னொருவர் எப்படிப் பார்த்தார் என்பது பக்கத்திலேயே கிடைக்கும். கேமரா இல்லாமல் போன் மட்டும் இருந்தாலும் போதும். கீழே சொல்லப்போவதில் பெரும்பகுதி போனுக்கும் பொருந்தும்.

ஏன் வாரம்? தினம் ஒரு படம் என்று வருஷம் முழுக்க 365 படம் எடுப்பவர்களும் உண்டு. அது ஒழுங்கைப் பழக்கும். ஆனால் வேலைக்குப் போய் வீடு திரும்புகிறவருக்கு, சில நாளிலேயே தூங்கப்போகும் முன் மேஜைமேல் இருக்கும் எதையாவது கிளிக் செய்து கணக்கை நேர் செய்யும் வேலையாக அது சுருங்கிவிடும். மாதம் ஒரு தலைப்பு என்றால் கடைசி இரண்டு நாள் வரை அது நினைவிலேயே இருக்காது. வாரத்தில் வேலை நாளும் இருக்கிறது, விடுமுறையும் இருக்கிறது. அதைவிட முக்கியம், திரும்பப் போய் எடுப்பதற்கு வாய்ப்பு இருக்கிறது. திங்கட்கிழமை எடுத்த படத்தைச் செவ்வாய் இரவு நிதானமாகப் பார்த்து, என்ன குறைகிறது என்று கண்டுபிடித்து, வியாழனன்று அதே இடத்துக்கு மறுபடி போகலாம். இந்தப் பயிற்சியின் பலனில் பெரும்பங்கு அந்த இரண்டாவது போக்கில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். ஒரே ஒரு முறை போய் நூறு கிளிக் செய்வதைவிட, இரண்டு முறை போய்ப் பத்துப் பத்தாக எடுப்பவர் வேகமாகக் கற்கிறார்.

அடுத்தது, தலைப்பு எப்படி இருக்க வேண்டும் என்பது. பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். ‘மகிழ்ச்சி’, ‘நட்பு’, ‘நம்பிக்கை’ போன்ற தலைப்புகளைத் தொடக்கத்தில் ஒதுக்கிவிடுங்கள். சிரிக்கும் குழந்தை எதுவாக இருந்தாலும் ‘மகிழ்ச்சி’க்குப் பொருந்திவிடும். எடுத்தது சரியா தவறா என்று சொல்ல எந்த அளவுகோலும் இருக்காது. நல்ல தலைப்பு உங்களைக் கேமராவோடு மல்லுக்கட்ட வைக்க வேண்டும். ‘வெள்ளை’, ‘நிழல்’, ‘ஜன்னல் வெளிச்சம்’, ‘ஓடுவது’, ‘குழல்விளக்கு’, ‘முழங்கால் உயரம்’ என்பவை அப்படிப்பட்டவை. சங்கீதம் பழகுபவருக்குச் சரளிவரிசை எப்படியோ அப்படி இவை. உணர்ச்சியைப் பாடச் சொல்லும் தலைப்புகள் அப்புறம் வரலாம்.

‘வெள்ளை’யை மட்டும் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

நம் ஊரில் வெள்ளைக்குப் பஞ்சமில்லை. கொடியில் காயும் வேட்டி, தட்டில் இட்லி, பூக்காரம்மா கூடையில் மல்லிகை, வாசலில் கோலம், வேதாரண்யம், தூத்துக்குடிப் பக்கம் இருப்பவர்களுக்கு உப்பளம். வேட்டி ஃபிரேம் முழுக்க நிறையும்படி ஒரு படம் எடுத்துப் பாருங்கள். வேட்டி அழுக்குச் சாம்பலாகத் தெரியும். கேமரா பழுதில்லை. கேமராவின் ஒளிமானி, எதிரே இருப்பதெல்லாம் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. வழக்கமாக 18 சதவீதச் சாம்பல் என்று சொல்வார்கள், அதாவது விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் பரப்பு. எதிரே இருப்பது வெள்ளை வேட்டி என்பது அதற்குத் தெரியாது. ‘வெளிச்சம் அதிகம்’ என்று முடிவு கட்டி, குறைத்துவிடுகிறது. கறுப்புக் கோட்டை எடுத்தால் இதற்கு நேர்மாறாக நடக்கும், கோட்டு வெளிறிப்போகும்.

திருத்துவது நம் பொறுப்பு. கேமராவில் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் என்று பிளஸ், மைனஸ் போட்ட பொத்தான் இருக்கும். வெள்ளைக்கு அதை +1 முதல் +2 வரை ஏற்றினால் வேட்டி வெள்ளையாகும். போனில் திரையைத் தொட்டு அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும், பிறகு பக்கத்தில் தெரியும் சூரியக் குறியை மேலே தள்ளினால் அதே வேலை நடக்கும். இப்போதைய போன்கள் பல படங்களை ஒன்றாகச் சேர்த்துத் தாங்களாகவே ஓரளவு சரி செய்கின்றன. ஆனாலும் திரை முழுக்க வெள்ளை நிறைந்தால் அவையும் பல நேரம் சாம்பலுக்கே போகின்றன.

மல்லிகைக்கு வந்தால் அடுத்த சிக்கல். அதே ஏற்றத்தை வெயிலில் இருக்கும் மல்லிகைக்கு வைத்தால் இதழ் ஒன்றோடு ஒன்று ஒட்டி, ஒரு வெள்ளைத் திட்டாகிவிடும். அங்கே தகவலே பதிவாகவில்லை. பின்னால் எந்த ஆப்பில் இழுத்தாலும் இதழின் மடிப்பு திரும்பி வராது. இதைத் தெரிந்துகொள்ளத்தான் ஹிஸ்டோகிராம் என்ற மலை வடிவப் படம் கேமராவில் இருக்கிறது. மலை வலது ஓரச் சுவரில் முட்டி நின்றால் வெள்ளை வெந்துபோயிற்று என்று பொருள். சுவருக்குக் கொஞ்சம் இடப்பக்கமாக அது முடிய வேண்டும். ஹிஸ்டோகிராமைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் படித்தும் புரியாதவர்களுக்கு, ஒரு முழம் மல்லிகையை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் செலவழித்தால் புரிந்துவிடும்.

இட்லி கற்றுத் தருவது வேறு. நேர் எதிரிலிருந்து ஃபிளாஷ் போட்டு எடுத்த இட்லி, தட்டில் வைத்த சோப்பு மாதிரி தெரியும். தட்டை ஜன்னலோரம் கொண்டுபோய், வெளிச்சம் பக்கவாட்டில் வருடிப்போகும்படி வையுங்கள். இட்லியின் மேல் உள்ள நுண்ணிய துளை ஒவ்வொன்றும் தனக்கென ஒரு சின்ன நிழலைப் பெறும். மென்மையும் சூடும் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். ஒரு பரப்பின் தன்மையைக் காட்டுவது பக்க வெளிச்சம்தான். இது இட்லிக்கும் பொருந்தும், தாத்தாவின் முகத்துக்கும் பொருந்தும், பழைய சுண்ணாம்புச் சுவருக்கும் பொருந்தும். கூடவே நிறமும் வந்து சேரும். மஞ்சள் பல்பின் கீழே இட்லி மஞ்சளாகும், திறந்த வானத்தின் நிழலில் நீலம் பூசிக்கொள்ளும். ‘ஒயிட் பேலன்ஸ்’ என்ற ஏற்பாடு எதற்கு இருக்கிறது என்று அப்போது யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஒரே ஒரு நிறத்தைத் தலைப்பாக வைத்ததில் எக்ஸ்போஷர், ஹிஸ்டோகிராம், பக்க வெளிச்சம், நிறச் சமன் நான்கும் வந்துவிட்டன. புத்தகத்தில் இவை நான்கு தனித்தனி அத்தியாயங்கள். தலைப்பை வைத்துப் பழகுபவருக்கு ஒரே தட்டில் கிடைக்கும் பிரச்சினைகள். தேவை வந்தபின் கற்றது மறப்பதில்லை.

‘நிழல்’ என்ற தலைப்பை எடுத்தால் சூரியனைப் பற்றிக் கற்க வேண்டிவரும். ஐரோப்பியர் எழுதிய புத்தகங்களும் அவற்றைப் பார்த்துச் செய்த வீடியோக்களும் ‘பொன்னொளி நேரம்’ ஒரு மணி நேரம் என்று சொல்லும். நம் ஊரில் அதை நம்பி நிதானமாகக் கிளம்பினால் ஏமாற்றம்தான். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறி, செங்குத்தாக இறங்குகிறது. சென்னையில் அது அடிவானத்திலிருந்து ஆறு பாகை ஏற அரைமணிக்கும் குறைவான நேரமே ஆகும். கோடையில் லண்டனில் அதற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. எனவே இங்கே காலை வெளிச்சத்தில் எடுக்க நினைப்பவர், சூரியன் எழும்முன்பே இடத்தில் நிற்க வேண்டும். எதை எங்கிருந்து எடுப்பது என்பதை முந்தைய நாளே பார்த்து வைத்திருக்க வேண்டும். அதேபோல உச்சி வெயில். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நடுப்பகலில் சூரியன் தலைக்கு நேர் மேலே வருகிறது. நிழல் காலுக்கடியில் ஒடுங்கிவிடும், மனித முகத்தில் கண்குழி கறுத்துவிடும். ஆனால் ஜன்னல் கம்பி, சுவரில் நீட்டிய ஆணி, தொங்கும் கொடி எல்லாம் நேர்கீழாக நீண்ட கோடுகளைச் சுவரில் வரையும். முகத்துக்கு ஆகாத வெளிச்சம் சுவருக்கு ஆகும்.

‘ஓடுவது’ எண்களைப் பழக்கும். நடப்பவரை உறையவைக்க ஷட்டர் வேகம் 1/250 விநாடி போதும், ஓடியாடும் பிள்ளைகளுக்கு 1/500 வேண்டும். எதிர்த்திசையில், பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு 1/30 வைத்து, போகும் சைக்கிளோடு கேமராவையும் அதே வேகத்தில் திருப்பிக்கொண்டே அழுத்தினால் சைக்கிள்காரர் தெளிவாக, பின்னணிக் கடைகள் எல்லாம் கோடுகளாக வரும். முதல் முப்பது படமாவது வீணாகும். அதற்காக மனம் தளர வேண்டாம், இடுப்பைத் திருப்பும் வேகம் உடம்புக்குப் பழகும் வரை எல்லோருக்கும் அப்படித்தான். பல ஆண்ட்ராய்டு போன்களில் ‘ப்ரோ’ என்ற பகுதிக்குள் போனால் இந்த எண்களை நாமே வைக்கலாம்.

‘குழல்விளக்கு’ என்று வைத்தால் கல்யாண மண்டபப் படங்களில் வரும் மர்மமான கறுப்புப் பட்டைகளுக்கு விடை கிடைக்கும். நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. விளக்கு விநாடிக்கு 100 தடவை மங்கி ஒளிர்கிறது. கண்ணுக்கு அது தெரியாது, 1/1000 விநாடியில் வரிவரியாகப் பதிவு செய்யும் கேமராவுக்குத் தெரியும். ஷட்டரை 1/100க்கோ 1/50க்கோ இறக்கினால் பட்டை மறையும்.

‘ஜன்னல்’ தலைப்பில் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. செக் நாட்டின் பிராக் நகரில் வாழ்ந்த யோசெஃப் சுடெக் முதல் உலகப் போரில் வலக்கையை இழந்தவர். ஒற்றைக் கையோடு பெரிய மரக்கேமராக்களைத் தூக்கிக்கொண்டு திரிந்தவர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் நகரைப் பிடித்துவைத்திருந்தபோது வெளியில் கேமராவோடு நடமாடுவது ஆபத்தாகிவிட்டது. அவர் தன் ஸ்டூடியோவின் ஜன்னலை எடுக்கத் தொடங்கினார். 1940இல் தொடங்கி 1954 வரை அதே ஜன்னல்தான். கண்ணாடியில் படிந்த பனி, வழியும் நீர்த்துளி, அந்தப் பக்கம் மங்கலாகத் தெரியும் கோணல் மரம், இந்தப் பக்கம் விளிம்பில் வைத்த ஒரு கிளாஸ். ஒரு ஜன்னல் பதினான்கு வருஷத்துக்குத் தீனி போட்டிருக்கிறது என்றால், ‘எங்க தெருவுல எடுக்க என்ன இருக்கு’ என்று கேட்பவர் தெருவை இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

ஜன்னலோரத்தில் ஆளை உட்காரவைப்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்தால் முகம் தட்டையாகும். பக்கவாட்டில் உட்கார்ந்தால் ஒரு கன்னம் ஒளியிலும் மறு கன்னம் நிழலிலும் விழும். நிழல் அதிகம் என்று பட்டால் மறுபக்கம் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடிக்கச் சொல்லுங்கள், ஒளி திரும்பி வந்து நிழலைத் தணிக்கும். ஜன்னலுக்கு எவ்வளவு நெருக்கமாக உட்காருகிறாரோ அவ்வளவுக்கு அறையின் பின்சுவர் இருண்டுபோகும். அலங்கோலமான சுவரை மறைக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

இரண்டு, மூன்று மாதம் இப்படி வெளிச்சத்தோடு பழகிய பிறகு, ஒரே பொருளைத் தலைப்பாக எடுக்கலாம். ஜெய்ப்பூரில் பிறந்த ரகுபீர் சிங், இந்திய வண்ணப் படக்கலையின் பெரிய பெயர்களில் ஒருவர். அம்பாசடர் கார் ஒன்றையே பிடித்துக்கொண்டு இந்தியாவைச் சுற்றிய அவருடைய படங்கள், அவர் 1999இல் இறந்த பிறகு 2002இல் புத்தகமாக வந்தன. அவற்றில் கார் வெறும் பொருளாக இல்லை. திறந்த கதவு, கண்ணாடி, பின்பார்வைக் கண்ணாடி இவற்றால் ஃபிரேமைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் வேறொரு காட்சியை வைத்தார். ஆட்டோவையோ ஷேர் ஆட்டோவின் கண்ணாடியையோ ஒரு வாரத் தலைப்பாக வைத்துப் பாருங்கள், அந்த யோசனை எவ்வளவு ஆழமானது என்று தெரியும்.

தஞ்சாவூரிலேயே இதற்கு இன்னும் பழைய உதாரணம் உண்டு. 1858இல் அங்கே வந்த லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்தவர். பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டைச் சுவரை ஒட்டியே கேமராவை நகர்த்தி நகர்த்தி எடுத்தார். 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். தூரம் மாறினால் எழுத்தின் அளவு மாறிவிடும், வெளிச்சம் மாறினால் ஒட்டு தெரிந்துவிடும். இன்று ஒரு தெருவின் வாசற்கோலங்களையோ ஒரே வரிசை வீட்டுக் கதவுகளையோ ஒரே தூரம், ஒரே உயரம், ஒரே வெளிச்சம் என்று வைத்துக்கொண்டு வாரம் முழுக்க எடுத்துப் பார்த்தால் அந்தக் கட்டுப்பாட்டின் கடினம் கைக்குத் தெரியும்.

இப்போது ஞாயிறு. கையில் அறுபது, எழுபது படம் இருக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எடுப்பதைவிட இது கஷ்டம், ஆனால் பார்வை கூர்மையாவது இங்கேதான். எடுத்த அன்றே தேர்ந்தெடுக்காதீர்கள். அன்று மனதில் இருப்பது அந்த இடமும் அலைச்சலும், படம் அல்ல. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து போய் எடுத்தோம் என்பது பார்ப்பவருக்குத் தெரியப்போவதில்லை. இரண்டு நாள் கழித்து, எல்லாவற்றையும் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சிறிதாக்கி ஒரே திரையில் பாருங்கள். அமைப்பு பலமான படம் அந்த அளவிலும் எழுந்து நிற்கும். கடைசியில் இரண்டு மிஞ்சி, எதை விடுவது என்று தெரியாமல் திணறினால், ஏன் இது, ஏன் அது இல்லை என்று ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள். எழுத வராத காரணம் பெரும்பாலும் காரணமாகவே இருக்காது. படத்தின் விவரப் பகுதியில் ஷட்டர் வேகமும் ஐஎஸ்ஓவும் அப்பெர்ச்சரும் பதிவாகியிருக்கும். அவற்றையும் குறித்துக்கொண்டால் அடுத்த முறை இருட்டில் துழாவ வேண்டாம்.

குழுவில் போட்டால் ‘செம அண்ணா’, ‘சூப்பர் சார்’ என்று வரும். அன்பானவை, ஆனால் அதிலிருந்து கற்க ஒன்றுமில்லை. கேள்வியைப் படம் போட்டவரே கேட்க வேண்டும். “உங்க கண்ணு முதல்ல எங்க போகுது?” என்று கேட்டுப் பாருங்கள். பூக்காரம்மாவின் விரலை மனதில் வைத்து எடுத்திருப்பீர்கள். நாலு பேரில் மூன்று பேர் பின்னால் தொங்கும் சிவப்புப் பிளாஸ்டிக் பையைச் சொல்வார்கள். அடுத்த வாரத்திலிருந்து ஃபிரேமின் மூலைகளைப் பார்க்காமல் விரல் பொத்தானை அழுத்தாது. பாராட்டும்போதும் எது பிடித்தது என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லும் பழக்கத்தைக் குழு வளர்த்துக்கொள்ள வேண்டும்.

தெருவில் எடுக்கும்போது ஆட்களிடம் ஒரு சொல் கேட்டுவிடுங்கள். “அக்கா, பூ கட்டுறத ஒரு படம் எடுத்துக்கட்டுமா?” என்றால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டு சரி என்பார்கள். வேண்டாம் என்றால் நன்றி சொல்லி நகர்ந்துவிட வேண்டும். கேட்டால் இயல்பு போய்விடும் என்று சிலர் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. பத்து நிமிஷம் பக்கத்தில் நின்று பேசினால் அவர் தன் வேலையில் மூழ்கிவிடுவார், இயல்பு தானாகத் திரும்பிவிடும். வியாழக்கிழமை மறுபடி போகும்போது எடுத்த படத்தை அவரிடம் காட்டுங்கள். அதன்பின் அந்தக் கூடைக்கு எவ்வளவு நெருக்கமாகவும் போகலாம். கோயில்களில் கருவறைப் பக்கம் கேமராவைத் திருப்பக் கூடாது. பல கோயில்களில் போனுக்கே தடை இருக்கிறது, வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

காய்ச்சல், பரீட்சை, மழை, வீட்டில் விசேஷம் என்று சில வாரம் தப்பிப்போகும். தப்பியதை அடுத்த வாரத்தில் சேர்த்து இரண்டாக எடுக்க முயல வேண்டாம். அப்படிச் சேர்ந்த பாக்கிதான் பலரை நடுவழியில் நிறுத்துகிறது. விட்ட தலைப்பை விட்டுவிட்டு, அந்த வாரத்துத் தலைப்பிலிருந்து தொடர்வதே நல்லது. வருஷம் முழுக்க 52 தலைப்பையும் முதல் நாளே பட்டியல் போடுவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பதின்மூன்று வாரத்துக்கு மட்டும் போடுங்கள், அது கால் வருஷம். அந்தப் பதின்மூன்றில் எது உங்களைத் திணறடித்ததோ, அதை அடுத்த பதின்மூன்றின் முதல் வாரத்தில் மறுபடி வையுங்கள். வெள்ளை திணறடித்திருந்தால் மறுபடி வெள்ளை. பழைய படத்தைப் பார்க்காமல் எடுத்து முடித்துவிட்டு, இரண்டையும் போஸ்ட்கார்டு அளவில் பிரிண்ட் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பக்கத்து ஸ்டூடியோவில் சில ரூபாய்தான் ஆகும்.